வள்ளி திருமணத்துக்குப் பிடில் மட்டும் போதுமா? நாடகப் பாட்டும் தந்தி வாத்தியமும்

கூத்துக்கொட்டகை:
எல்லாருக்கும் வணக்கம். எங்கள் குழு வள்ளி திருமணத்திலிருந்து தினைப்புனக் காட்சியை மட்டும் தனியாக மேடையேற்றப் போகிறது. வள்ளி, நாரதர், வேடனாக வரும் முருகன், மூன்றே பேர். நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் பாட்டுகளை அப்படியே வைத்துக்கொள்கிறோம். எங்கள் இயக்குநர் ஆர்மோனியமே கூடாது, பிடில் ஒன்று போதும் என்கிறார். கேட்டால் "தந்தியில்தான் கமகம் (ஸ்வரத்தின் அசைவு) வரும், பெட்டியில் வராது" என்பது அவர் பதில்.

எனக்கு இதில் ஒரு சந்தேகம். கச்சேரியில் பிடில் இல்லாமல் பாட்டே இல்லை. அப்படியிருக்க, அதே ராகங்களைப் பாடிய நாடக மேடையில் மட்டும் ஏன் ஆர்மோனியப் பெட்டி உட்கார்ந்துகொண்டது? பிடிலை யாராவது விரட்டினார்களா, அதுவாகவே போய்விட்டதா? காரணம் தெரிந்தால் நாங்கள் செய்யப்போவது சரியா தப்பா என்று முடிவுக்கு வரலாம்.

குறும்பன்:
சத்தம்தான் சார், வேறென்ன. மைக் இல்லாத காலம், ஊர்க்கோடித் திடல், ராத்திரி முழுக்க நாடகம். பிடில் சத்தம் மூணாவது வரிசையைத் தாண்டாது. கேஸ் முடிந்தது.

பிருடை:
பிடில் வாசிக்கிறவன் என்ற முறையில் இதை ஒத்துக்கொள்ள மாட்டேன். பிடில் அவ்வளவு ஊமை வாத்தியம் இல்லை. மேல்நாட்டில் மைக் வருவதற்கு முன்பே பெரிய அரங்குகளில் ஒற்றைப் பிடில் கேட்டிருக்கிறது.

நாடக மேடைச் சுருதியையும் பாருங்கள். நாடகப் பாடகர்கள் கிட்டப்பா, கே.பி. சுந்தராம்பாள் இருவருமே உச்சச் சுருதிக்காரர்கள். ஐந்து கட்டை என்று வையுங்கள் (பெட்டியில் எந்தக் கட்டை ஸட்ஜமம் என்கிற கணக்கு இது. ஒன்று என்றால் சி, ஐந்து என்றால் ஜி, அரை என்றால் அடுத்த கறுப்புக் கட்டை). பிடிலை ஸ-ப-ஸ-ப என்று கட்டுவோம் அல்லவா? ஐந்து கட்டைக்குக் கட்டினால் ஜி-டி-ஜி-டி வரும். மேல்நாட்டார் கட்டுவது ஜி-டி-ஏ-ஈ. கீழ் இரண்டு தந்தியும் அதே இடம், மேல் இரண்டும் ஒரு முழு ஸ்வரம்தான் இறக்கம். அந்த வாத்தியம் எந்த இழுவிசைக்காகச் செய்யப்பட்டதோ கிட்டத்தட்ட அதிலேயே நிற்கும், கணீரென்று பேசும். கச்சேரியில் ஆண் பாடகருக்கு ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டைக்கு இறக்கிக் கட்டும்போதுதான் தந்தி தளர்ந்து குரல் கம்முகிறது. ஆக, நாடகச் சுருதி பிடிலுக்கு எதிரியே இல்லை. கச்சேரிச் சுருதியை விட அதுதான் தோதானது.

குறும்பன்:
சரி, கேஸ் மறுபடி திறந்தது.

தினைப்புனம்:
வரலாற்றுப் பக்கம் கொஞ்சம் சொல்கிறேன். பிடில் நம் இசைக்குள் வந்ததே பத்தொன்பதாம் நூற்றாண்டில். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் ஒருவர், தஞ்சை நால்வரில் வடிவேலு இன்னொருவர். வடிவேலு ஆடல் ஆசிரியர் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். சுவாதித் திருநாள் 1834 இல் அவருக்குத் தந்தத்தால் ஆன பிடிலைப் பரிசளித்தார். ஆட்டமும் அபிநயமும் உள்ள மேடைக்குப் பிடில் அந்நியம் இல்லை என்பதற்காக இதைச் சொன்னேன்.

ஆர்மோனியம் வந்தது பார்சி நாடகக் கம்பெனிகளின் அலையில். இந்துஸ்தானி மெட்டுகள், திரைச்சீலை, ஜோடனை எல்லாம் வந்த அதே வண்டியில் பெட்டியும் வந்தது. "பார்சி மெட்டு" என்று பாட்டுப் புத்தகங்களில் போட்டிருப்பார்களே, அந்த மெட்டுகளே பெட்டியோடு சேர்ந்துதான் நம் காதில் விழுந்தன. அப்போது பெட்டி புது மோஸ்தர். மோஸ்தரைக் குறைத்து மதிப்பிடக் கூடாது.

பெட்டிக்காரர் பேரன்:
அக்கா சொன்ன மோஸ்தர் எப்படி வந்தது என்பதற்குச் சரி. நூறு வருஷமாக ஏன் நின்றது என்பதற்குப் போதாது. எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகப் பெட்டிதான், அதனால் நான் கொஞ்சம் நீட்டி முழக்கப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்பெஷல் நாடகம் எப்படி நடக்கிறது என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். அங்கே கம்பெனி கிடையாது, ஒத்திகை கிடையாது. ராஜபார்ட் (நாயகன் வேஷம்) ஒரு ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் (நாயகி வேஷம்) இன்னொரு ஊர், பபூன் (கோமாளி) வேறு ஊர். மதுரை, புதுக்கோட்டை என்று சங்கங்கள் உண்டு. ஆளாளுக்குத் தனித்தனியாகப் பேசி அழைப்பார்கள். ராத்திரி பத்து மணிக்கு மேல் மேடையில்தான் ஒருவரையொருவர் பார்ப்பார்கள். வள்ளி திருமணம் எல்லாருக்கும் மனப்பாடம் என்பதால் வண்டி ஓடிவிடும்.

ஆனால் சுருதி? ஸ்திரீபார்ட் ஐந்தரை கட்டை. ராஜபார்ட் நாலு. நாரதர் வயசானவர், இரண்டுக்கு மேல் ஏற மாட்டார். பபூன் அன்றைக்குத் தொண்டை எப்படியோ அப்படி. இவர்கள் தனித்தனியாக வந்து பாடிவிட்டுப் போனால்கூடச் சமாளிக்கலாம். தர்க்கப் பாட்டு என்று ஒன்று இருக்கிறது. நாரதரும் வள்ளியும் நேருக்கு நேர் நின்று, அவர் ஒரு அடி கேட்க இவர் ஒரு அடி பதில் சொல்லிப் பாடுவார்கள். அடிக்கு அடி கட்டை மாறும். பெட்டிக்காரர் கையை நகர்த்தினால் முடிந்தது. பிடில்காரர் தந்தியை இறுக்கும் பிருடையை முறுக்க எங்கே நேரம்?

இன்னொன்றும் உண்டு. பெட்டிக்காரர் வெறும் வாத்தியக்காரர் இல்லை, அவர்தான் பின்பாட்டு. நடிகர் ஒரு அடியைப் பாடிவிட்டு நடிக்கிறபோது அதே அடியைப் பின்னாலிருந்து வாங்கிப் பாடுவார். நடிகர் வர நேரமானால் தாளமில்லாமல் ஒரு விருத்தம் பாடி நிரப்புவார். அடி மறந்துவிட்டால் எடுத்துக்கொடுப்பார். கால் ஆர்மோனியத்தில் காற்றைக் கால் பார்த்துக்கொள்கிறது, இரண்டு கையும் கட்டைகள் மேல், வாய் சும்மா இருக்கிறது. மோவாயிலோ மார்பிலோ பிடிலை அணைத்துக்கொண்டு விடிய விடியப் பின்பாட்டுப் பாடச் சொல்லுங்கள் பார்ப்போம்.

பிருடை:
பின்பாட்டு விஷயம் நான் யோசிக்காதது. கட்டை மாற்றம் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. பிடிலில் விரலுக்கு இடம் காட்டும் மெட்டுக் கட்டை கிடையாது, எந்த இடத்திலிருந்தும் ஸட்ஜமம் பிடிக்கலாம். வீணையில்தான் மெழுகில் பதித்த 24 மெட்டும் தாளத் தந்திகளும் சேர்ந்து ஒரே சுருதிக்குக் கட்டிப்போடும். ஆனால் திறந்த தந்திகள் கைவிட்டுப்போனால் பிடிலிலும் பாதி உயிர் போய்விடும் என்பது உண்மை. ஸவும் பவும் திறந்த தந்தியில் விழுகிறபோது வருகிற அதிர்வு, விரல் வைத்து அழுத்தினால் வராது. சுருதி ஒட்டவில்லை என்று கேட்கிறவருக்கும் தெரிந்துவிடும்.

புணேவாசி:
இங்கே மராத்தி நாட்டிய சங்கீதத்தைச் சேர்த்துப் பார்க்கலாம். அண்ணாசாகேப் கிர்லோஸ்கரின் சங்கீத சாகுந்தலம் 1880 இல் புணேயில் மேடையேறியது. அந்த மரபிலும் பின்னால் ஆர்கன் வந்து நடுவில் உட்கார்ந்தது. ஆனால் தந்தி வெளியே போகவில்லை. மராத்தி மேடை நாயகர் பால கந்தர்வருக்குக் காதர்பக்ஷ் சாரங்கி, அகமத் ஜான் திரக்வா தபலா. ஆர்கன் ஒரு பக்கம் ஒலிக்க, குரலின் நெளிவுகளைச் சாரங்கி பின்தொடரும்.

சாரங்கி சுருதி சேர்க்க எவ்வளவு பாடு என்று தெரியுமா? வாசிக்கிற நரம்புகள் மூன்றுதான். அவற்றுக்கு அடியில் தொடாமலே கூட அதிர்கிற தந்திகள் முப்பதுக்கு மேல். ராகம் மாறினால் அவற்றையும் மாற்றிச் சேர்க்க வேண்டும். அப்படிப்பட்ட வாத்தியமே அங்கே நாடகத்தில் நின்றிருக்கிறது. பெட்டிக்காரர் பேரன் சொன்ன கட்டை மாற்றக் காரணம் உண்மையானால், பிடிலை விடச் சாரங்கி முதலில் ஓடியிருக்க வேண்டாமா?

பெட்டிக்காரர் பேரன்:
நல்ல கேள்வி சார். ஆனால் நீங்கள் சொன்னதே என் பக்கம்தான் சாய்கிறது. கந்தர்வ நாடக மண்டலி ஒரு கம்பெனி. ஒரே நாயகர், வருஷக்கணக்கில் அதே குரல், அதே சுருதி, அதே பாட்டு வரிசை, ஒத்திகை. அடுத்து என்ன ராகம் என்று சாரங்கிக்காரருக்கு முன்கூட்டியே தெரியும். பாட்டு பெரும்பாலும் ஒருவரைச் சுற்றியே. அப்படி இருந்தால் தந்தி நிற்கும். ஸ்பெஷல் நாடகத்தில் நிற்காது.

புணேவாசி:
அப்படியானால் தமிழ்நாட்டுக் கம்பெனிகள்? சங்கரதாஸ் சுவாமிகள் 1918 இல் மதுரையில் தொடங்கியது கம்பெனிதானே. ஒத்திகை உண்டு, நிரந்தரக் குழு உண்டு. அங்கேயும் பெட்டிதானே ஆட்சி செய்தது?

தினைப்புனம்:
அது பாலர் கம்பெனி. தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை என்று பெயரிலேயே இருக்கிறது. டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கிருந்து வந்தவர்கள்தான். பையன்களுக்கு மகரக்கட்டு (குரல் உடைவது) வந்தால் ஒரே பருவத்தில் குரல் தலைகீழாகும். நேற்று வரை ஆறு கட்டையில் பாடிய ஸ்திரீபார்ட் பையன் இன்றைக்கு எங்கே நிற்பான் என்று வாத்தியாருக்கே தெரியாது. வேஷத்தை இன்னொரு பையனுக்கு மாற்றுவார்கள், அவன் சுருதி வேறு. கம்பெனி நிரந்தரம், குரல் நிரந்தரமில்லை.

கூத்துக்கொட்டகை:
இது பிரமாதம் அக்கா. அப்படியானால் பிடிலைத் துரத்தியது சத்தமும் இல்லை, மோஸ்தரும் முழுக்க இல்லை. குரல்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாததுதான். எங்கள் இயக்குநர் சொல்வது போலப் பெட்டிக்காரர்களின் ரசனைக் குறைவும் இல்லை.

ராகமாலிகை:
மன்னிக்கவும், நீங்கள் எல்லாரும் சேர்ந்து பெட்டிக்கு நற்சான்றிதழ் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். பாரதியார் "சங்கீத விஷயம்" கட்டுரையில் ஆர்மோனியத்தை எப்படித் திட்டியிருக்கிறார் என்று படித்துப் பாருங்கள். 1940 இல் அகில இந்திய வானொலி அதற்குத் தடையே போட்டது, 1971 வரை நீடித்தது. காரணம் இல்லாமலா? பெட்டியில் பன்னிரண்டு ஸ்வரங்களும் சம இடைவெளி. அரை ஸ்வரத்தை நூறு சென்ட்டாகப் பிரித்தால், அந்தர காந்தாரம் இயற்கையாக நிற்கிற இடம் 386 சென்ட், பெட்டியில் 400. அந்த 14 சென்ட் வித்தியாசம் காதில் உறுத்தும். இதோடு சேர்ந்து பாடிப் பாடித்தான் நாடகப் பாட்டு கமகம் குறைந்து, தட்டையான ஸ்வரமும் பிருகா என்கிற வேக உருட்டலுமாகப் போயிற்று. தந்தி இருந்திருந்தால் அந்தப் பாட்டுகளின் தரமே வேறு.

பிருடை:
14 சென்ட் கணக்கு சரி. முடிவு சரியில்லை. கிட்டப்பாவின் தேவாமிர்தவர்ஷிணி ராக "எவரனி" இசைத்தட்டைக் கேட்டுவிட்டு வந்து தட்டை என்று சொல்லுங்கள். அவருக்கு மேடையில் ஆர்மோனியம் வாசித்தவர் அண்ணன் காசி ஐயர். வீட்டிலேயே பெட்டி. அந்தக் குரல் எங்கே தட்டையாயிற்று? பெட்டி காந்தாரத்தில் நின்றால் குரலும் அங்கேயே நிற்க வேண்டும் என்று சட்டம் உண்டா? நல்ல பெட்டிக்காரர், பாடகர் கமகம் போடுகிற இடத்தில் கையை எடுத்துவிடுவார். ஸவையும் பவையும் மட்டும் பிடித்துக்கொண்டு ஒதுங்கி நிற்பார். அடி முடிந்ததும் ஒரு பொறி. அவ்வளவுதான்.

பிடில் அப்படி ஒதுங்காது. விருத்தத்தில் நாங்கள் பாடகரை அரை மூச்சு பிந்தி நிழல் மாதிரி தொடர்வோம், அவர் நிறுத்தினால் அவர் பாடியதையே சுருக்கித் திருப்பிச் சொல்வோம். கச்சேரியில் அது அழகு. நாடகத்தில் வள்ளி பாடுகிறபோதே அவள் குரலுக்கு இன்னொரு குரல் ஒட்டிக்கொண்டு வந்தால், பார்க்கிறவன் கவனம் எங்கே போகும்? எனக்கு இது கட்டைப் பிரச்சினையை விடப் பெரிதாகப் படுகிறது. நடிகர் தனியாக நிற்க வேண்டிய இடம் அது.

ராகமாலிகை:
பிருகா பெட்டியிலிருந்து வரவில்லை என்கிறீர்களா?

பிருடை:
பெட்டி ஒரு காரணமாக இருக்கலாம். இந்துஸ்தானியில் "தான்" என்கிற வேக ஸ்வரக் கோவைகளைக் கேட்டது இன்னொரு காரணம். மைக் இல்லாத திடலில் கடைசி வரிசைக்குப் போய்ச் சேர வேண்டும் என்பது எல்லாவற்றையும் விடப் பெரிய காரணம். மெல்லிய அசைவு தொலைவில் கேட்காது, உச்சத்தில் உதிர்கிற பிருகா கேட்கும். அதற்குத்தான் ஒன்ஸ்மோர் விழும். குறும்பன் சொன்ன சத்தக் காரணத்தை வாத்தியத்துக்குச் சொல்லாமல் பாட்டுக்குச் சொல்லியிருந்தால் நான் சண்டைக்கே வந்திருக்க மாட்டேன்.

குறும்பன்:
இதைத்தான் நான் முதலிலேயே சொன்னேன் என்று பதிவு செய்துகொள்ளவும்.

வில்லடி:
தந்தி வாத்தியம் என்று பேசுகிறீர்கள், தெற்கே வில்லுப்பாட்டை யாருமே எடுக்கவில்லையே? வில்லின் நாணும் தந்திதானே, வீசுகோலால் அடித்தால் அதிர்கிறதே.

தினைப்புனம்:
வில்லடி, அது கதைப்பாட்டு, வேஷம் கட்டின நாடகம் இல்லை. நாணை அடிப்பதும் மணிகளின் ஒலிக்கும் தாளத்துக்கும்தான், சுருதிக்கு அல்ல. அதற்குத் தனி இழை போடுங்கள், நான் முதல் ஆளாக வருகிறேன். தெருக்கூத்து முகவீணையைக் கொண்டுவந்து யாராவது போடுவதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன், அது ஊதுகிற கருவி.

விஷயத்துக்கு வருகிறேன். பிடில் நாடகப் பாட்டிடம் திரும்பி வந்த இடங்களைப் பார்த்தால் பெட்டிக்காரர் பேரன் சொன்ன காரணம் இன்னும் உறுதியாகிறது. முதலாவது கச்சேரி மேடை. நாடகத்தில் பேர் வாங்கியவர்கள் கச்சேரியும் செய்தார்கள். அங்கே ஒரே ஆள், ஒரே சுருதி, எனவே பிடில். இரண்டாவது சினிமா. 1934 இல் பவளக்கொடி படமானபோது எம்.கே. தியாகராஜ பாகவதர் மேடையில் நடித்த அதே நாடகம்தான் திரைக்குப் போனது. 1945 இல் டி.ஆர். மகாலிங்கம் நடித்த ஸ்ரீவள்ளி வந்தது, அவரும் மேடையிலிருந்து போனவர். "காயாத கானகத்தே" பாட்டு இன்றைக்குப் பாதிப் பேருக்கு அவர் குரலில்தான் தெரியும். ஒலிப்பதிவில் யார், எந்தக் கட்டை, எந்தப் பாட்டு என்று முன்னாடியே முடிவாகிவிடும். வேறு சுருதிப் பாட்டென்றால் நிறுத்தி, சேர்த்துக்கொண்டு எடுக்கலாம். தந்திகள் கூட்டமாகவே வந்து உட்கார்ந்தன.

புணேவாசி:
இசைத்தட்டை விட்டுவிட்டீர்கள். 1925 வாக்கில் மின்சார ஒலிப்பதிவு வரும் வரை பெரிய குழலுக்கு முன்னால்தான் பாடி வாசிக்க வேண்டும். பிடில் அதில் சரியாக விழாது. மேல்நாட்டில் அதற்காகவே மரப்பெட்டியை எடுத்துவிட்டு உலோகக் குழல் பொருத்திய ஸ்ட்ரோ பிடில் என்று ஒன்றைச் செய்தார்கள். 1899 இல் காப்புரிமை. பார்க்கக் கோமாளித்தனமாக இருக்கும், ஆனால் வேலை செய்தது.

கூத்துக்கொட்டகை:
எல்லாருக்கும் நன்றி. இயக்குநரிடம் இதையெல்லாம் காட்டினேன். "சரி, அந்தக் காலத்தில் முடியவில்லை. நமக்கு ஒத்திகை இருக்கிறது, மூன்றே பேர், மைக் இருக்கிறது. இப்போது என்ன தடை?" என்கிறார். நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் வள்ளிக்கு ஐந்தரை கட்டை, வேடனுக்கும் நாரதருக்கும் இரண்டு. ஒரே பிடில்காரர். தர்க்கப் பாட்டை வெட்ட முடியாது, அதுதான் காட்சியே. இரண்டு பிடிலை இரண்டு சுருதியில் கட்டி மடியில் ஒன்று பக்கத்தில் ஒன்று என்று வைத்துக்கொள்ளலாமா?

பிருடை:
அடிக்கு அடி வாத்தியம் மாற்றினால் சர்க்கஸ் ஆகிவிடும். அதைவிட எளிய வழி ஒன்று உண்டு. ஆண்கள் இருவரையும் இரண்டிலிருந்து ஒன்றரைக்கு இறக்குங்கள். மைக் இருக்கிறபோது அரைக் கட்டை இறங்க அவர்களுக்கு வலிக்காது. இப்போது கணக்கைப் பாருங்கள். ஒன்றரை கட்டைக்கு ஸ-ப-ஸ-ப கட்டினால், அந்த ப தந்திகள் இரண்டும் ஐந்தரை கட்டை ஸட்ஜமம். வள்ளியின் ஸ திறந்த தந்தியிலேயே கிடைக்கிறது. வேடனின் ஸ தந்தி அவளுக்கு சுத்த மத்திமம். அதாவது அவளுக்கு மத்திம சுருதியில், ப-வுக்குப் பதில் ம ஒலிக்க, வாசிப்பதாக ஆகிறது. பிருடையைத் தொடவே வேண்டாம்.

ராகமாலிகை:
சுத்த மத்திமம் உள்ள ராகங்களுக்கு மட்டும்தானே?

பிருடை:
ஆமாம். செஞ்சுருட்டி, புன்னாகவராளி, குறிஞ்சி, நாதநாமக்கிரியை, இவையெல்லாம் மத்திம சுருதியில் பாடியே பழக்கப்பட்டவை, கொண்டாட்டமாக இருக்கும். வள்ளி கல்யாணியோ காமவர்த்தனியோ எடுத்தால் மட்டும் திறந்த தந்தி பிரதி மத்திமத்தோடு முட்டும். அங்கே அந்தத் தந்தியை விரலால் மூடியே வாசிக்க வேண்டும். வேடனுக்கு எந்த ராகமும் தடையில்லை.

பெட்டிக்காரர் பேரன்:
கணக்கு அழகு சார், தலைவணங்குகிறேன். ஆனால் பின்பாட்டு? வள்ளி ஆலோலம் பாடிக்கொண்டே கவண் சுற்றுகிற இடத்தில் அந்த அடியை யார் வாங்கிப் பாடுவது? பிடில் வாங்கி வாசித்தால் சொல் போய்விடும்.

கூத்துக்கொட்டகை:
அந்த இடத்தில் வேஷம் கலைத்த நாரதரை ஓரத்தில் உட்காரவைத்துப் பாடச் சொல்லலாமா? அவர் காட்சி அதற்கு முன்பே முடிந்துவிடும்படி வரிசையை மாற்றிவிடுகிறோம்.

பெட்டிக்காரர் பேரன்:
ஒன்றரை கட்டைக்காரர் ஐந்தரை கட்டைப் பாட்டை வாங்கிப் பாடுவது சிரமம். பின்பாட்டுக்குத் தனியாக ஒரு பெண் குரல் வையுங்கள், பிடிலுக்குப் பக்கத்திலேயே உட்காரட்டும். எந்த அடியை வாங்குவது, எதை விடுவது என்று தாளில் குறித்துக்கொடுத்துவிடுங்கள். பெட்டிக்காரர் அதைத் தலைக்குள் வைத்திருப்பார், புதுக் குழுவுக்குத் தாள் வேண்டும். ஒத்திகைக்கு மட்டும் ஒரு பெட்டியை ஓரமாக வைத்துக்கொள்ளுங்கள், இயக்குநருக்குத் தெரிய வேண்டாம்.